சுவரெல்லாம் குலாட்

ரஞ்சிதம்: நல்லா பாருங்க தம்பி. கட்டிலுக்குப் பின்னால, அலமாரிக்கு மேல... எல்லாம் கறுப்பு. இன்சூரன்ஸ்காரங்க போட்டோவைப் பார்த்துட்டு முடியாதுன்னுடுவீங்க. அதான் ஆளையே வரச் சொன்னேன்.

கோகிலன்: வந்துட்டேன்லாக்கா. ஈப்போலேருந்து மலை ஏறி வந்தாச்சு. இது மகன் ரூமா?

ரஞ்சிதம்: ஆமா, ஷர்வின் ரூம். இந்தப் பூசண வாடையில மூச்சு இழுத்து, இப்ப என் தங்கச்சி வீட்டுல படுத்திருக்கான். சுவத்தைக் கொத்திப் புதுசா பூசினாத்தான் கூட்டிட்டு வர முடியும். உங்க கம்பெனிதான் கொடுக்கணும்.

கோகிலன்: பைப் திடீர்னு வெடிச்சு, அதனால வந்த பூசணம்னா கொடுப்பாங்க. மெல்ல மெல்ல ஈரம் ஏறி வந்ததுன்னா... கிடையாது.

ரஞ்சிதம்: வெடிச்சுதுப்பா. டமார்னு. கம்போங் ராஜா ஊரே எழுந்திருச்சுது.

கோகிலன்: பக்கத்து வீட்டுல விசாரிச்சேன். ஒரு சத்தமும் கேக்கலயாம்.

ரஞ்சிதம்: சாம்பசிவம் அண்ணனா? அவருக்குக் காது கேக்காது.

கோகிலன்: நான் கேட்டது மட்டும் கேட்டுச்சேக்கா...

ரஞ்சிதம்: உங்க குரல் கணீர்னு இருக்கு தம்பி.

கோகிலன்: சரி, இன்னொண்ணு. நீங்க வீட்டுல காளான் வளர்க்கிறதா ஆபீஸ்ல பதிஞ்சிருக்கு.

ரஞ்சிதம்: ...யாரு சொன்னது?

கோகிலன்: நீங்கதான். போன்ல.

ரஞ்சிதம்: நானா? நான் மலாய்ல தெளிவா, 'வீட்டுல குலாட் நிறைய வளருது'ன்னேன். குலாட்னா பூசணம்தானே?

கோகிலன்: நமக்குப் பூசணம். போன் எடுத்த பொண்ணு கிளந்தான்காரி. அவங்க ஊர்ல குலாட்னா காளான்.

ரஞ்சிதம்: அட... கதை அப்படிப் போவுதா. நான் பூந்தோட்டக்காரி. காளானுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

கோகிலன்: வீட்டுக்குள்ள அந்தத் தொழில் நடந்தா ஒண்ணும் கிடைக்காது, அதான் நேர்ல பார்க்க வந்தேன். ஆமா... இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?

ரஞ்சிதம்: ஸ்டோர் ரூம். உரம், கூடை. சாவி வீட்டுக்காரர் சட்டைப் பையில. லோரியில கோலா தெர்லா ஊருக்குப் போயிருக்காரு.

கோகிலன்: பரவால்ல. 'காளான்'கிறதைத் தப்புன்னு அடிச்சுடுறேன். அப்புறம் உங்க கையெழுத்துதான்.

ரஞ்சிதம்: அப்படி வாங்க வழிக்கு. குளிர்ல வந்த புள்ள, வெறும் வயித்தோட போகக் கூடாது. இந்தாங்க, மிளகு போட்ட சூப்பு.

கோகிலன்: ம்... பிரமாதம்க்கா. இவ்வளவு பெரிய காளானா... திரிங்காப் சந்தையில வாங்கினதா?

ரஞ்சிதம்: திரிங்காப் காளானா? அது என்ன காளான், சவக் சவக்னு. ராத்திரி பகலா சுவரெல்லாம் தண்ணி வடியணும் தம்பி, அப்பத்தான் இப்படிக் கொழுகொழுன்னு வரும். நம்ம ஸ்டோர்ல ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்... அது வந்து... தம்பி, இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?