அனுப்புநர் முகவரி

பச்சைக் குழந்தைக்குப் பின்னுகிற நூலைக் கையால் தடவிப் பார்த்து வாங்கக் கூடாது. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் வேலை செய்து காய்த்துப்போனவை, எதைத் தொட்டாலும் மெத்தென்றுதான் இருக்கும். கன்னத்தை ஏமாற்ற முடியாது. ஆரம்பத்தில் நூல் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பிறகு அவரே, "இந்தாங்க, வச்சுப் பாருங்க" என்று எடுத்து நீட்டப் பழகிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து பின்னிக் கொடுக்கிறேன். குல்லா, காலுறை, சுவெட்டர், தொட்டில் போர்வை. நான் பின்னியதைப் போட்டுக் குழந்தைக்குச் சிவந்தது, அரித்தது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தெரியும், மேடம். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். எழுதிக்கொள்கிறவருக்கும் அதுதான் சௌகரியம்.

நல்ல கம்பளி நூல் உருண்டையாக வராது. சிட்டமாக வரும், பெரிய வளையம் மாதிரி. அதை உருண்டையாகச் சுற்றிக்கொண்டால்தான் பின்ன முடியும், இல்லாவிட்டால் சிக்காகிவிடும். சுற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்து இன்னொருத்தர் சுற்ற வேண்டும். நாற்காலி முதுகில் மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று உங்களோடு வந்தவர் கேட்டார். மாட்டலாம். ஆனால் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாற்காலிக்குத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியும். நூல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்துக் கை தானாகத் தாழும். பேசிக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்யும்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு வயது, சின்னவளுக்கு ஆறு. வளர்த்தது நான்தான். அதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளுக்குப் பதினேழு வயதானபோது இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். பின்னுவது நான். பொத்தான் தைப்பது, மடிப்பது, பார்சல் கட்டுவது, முகவரி எழுதுவது எல்லாம் அவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதி முடித்ததும் நான் ஒரு தடவை வாசித்துப் பார்ப்பேன். பெறுநர் முகவரியில் ஒரு எண் மாறினால்கூடப் பத்து நாள் வேலை வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டும்.

பார்சலை எடுக்க ஒருவர் வருவார். செவ்வாய், வெள்ளி, பதினோரு மணி. கீழே நின்று மணியை இரண்டு தடவை சுருக்கமாக அடிப்பார். வீடு மாடியில் இருப்பதால் சின்னவள்தான் இறங்கிப் போய்க் கொடுப்பாள். மனைவியை இழந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தன்மையான மனுஷர். எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

ஒரு கட்டத்தில் பார்சல்காரர் தினமும் வர ஆரம்பித்தார். ஏனென்று பார்த்தால், சின்னவள் நான்கு பார்சலை ஒரே நாளில் அனுப்பாமல் நாளுக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில் இந்தச் சாமர்த்தியம். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"என்னடி, ஊர்ல உள்ள குழந்தையெல்லாம் நம்ம குல்லாதான் போடுதா? தினம் ஒரு பார்சல் போகுதே" என்றேன்.

"போக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சிவந்துபோயிருந்தது.

பிறகு அவரே மாடிக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து முறையாகக் கேட்டார். நான் நல்லது என்றேன். அதுதான் முறை. பதிவு அலுவலகத்தில் தேதியும் குறித்தாயிற்று. அன்று சாயங்காலம் வெள்ளை நூல் ஒரு சிட்டம் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, நான் போனாலும் ஞாயித்துக்கிழமை வந்து நூல் புடிச்சுத் தரேன்."

"நூல் தீர்றது ஞாயித்துக்கிழமை பார்த்தா தீரும்?"

"அதுக்கு ஒரு மெஷின் இருக்காம்க்கா. கைப்பிடியச் சுத்தினாப் போதும், தானா உருண்டையாயிடும். அவரு உனக்கு வாங்கிட்டு வரேன்னாரு. இனிமே உனக்கு யாரும் வேண்டியதில்ல."

மறுநாளே வாங்கி வந்துவிட்டார். பரண்மேல் இருக்கிற பெட்டி அதுதான். பிரிக்கவில்லை. உங்கள் ஆட்கள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், சந்தேகப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. சின்னவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த மாதிரி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் இல்லை.

எங்கள் மாடிப்படி வெளியே இருக்கிறது. பதினெட்டுப் படி, சிமெண்ட் பூச்சு. ஒரு பக்கம் இரும்புக் கம்பி, இன்னொரு பக்கம் சுவரோடு தண்ணீர்க் குழாய். பை பின்னுவதற்காக வாங்கிய நைலான் கலந்த நூல் ஒன்று என்னிடம் இருந்தது. சாம்பல் நிறம். அந்த நிறத்தை ஒருத்தரும் கேட்காததால் அப்படியே கிடந்தது. படியில் வைத்துப் பார்த்தேன். சிமெண்டோடு சிமெண்டாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு, மேலிருந்து மூன்றாவது படியில் கணுக்கால் உயரத்துக்கு அதைக் கட்டினேன். மூன்று இழையாக முறுக்கிக் கட்டினேன், ஓர் இழை தாங்காது. பதினோரு மணிக்கு இரண்டு தடவை மணி அடித்தது. சின்னவள் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அந்த மணி அடித்தால் அவள் என்றைக்கும் நடந்துபோனதில்லை.

ஒரு மாதம் உட்காரட்டும் என்றுதான் நினைத்தேன். கால்தானே, கூடிவிடும். இடுப்பு எலும்பு போகும் என்று யார் கண்டது. பார்சல்காரர் கீழே அவளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் கழுத்தில் தொங்குகிற சின்னக் கத்தரியால் நூலை வெட்டி எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். அவிழ்க்க நேரமில்லை. குழாய்ப் பக்கத்து முடிச்சு அங்கேயே தங்கிவிட்டது. நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த முடிச்சு என்னுடையதுதான். நான் பின்னிய எந்தச் சுவெட்டரையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், நூல் சேர்த்த இடத்தில் அதே முடிச்சு இருக்கும். இழுக்க இழுக்க இறுகும்.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து அனுப்பினார்கள். விடாமல் பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் நடந்துவிடுவாள் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். மூன்றாவது வாரம் அவளிடம், வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டேன். அவள் காலைப் பிடித்து மடக்கும்போதெல்லாம் சின்னவள் அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை.

பார்சல்காரரிடம் பேசுவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "நீங்க மணி அடிச்சதாலதான் ஓடிவந்து விழுந்தேன்னு சொல்றா. உங்க முகத்தையே பாக்கப் பிடிக்கலையாம். கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க" என்றேன். அவர் படியடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு வாரம் பதினோரு மணிக்கு வந்து, மணி அடிக்காமல் நின்றுவிட்டுப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு வரவில்லை. நானும் பார்சலை வேறு இடத்தில் கொடுக்க ஆரம்பித்தேன்.

சின்னவளிடம், "ஒரு தடவ வந்தாரு. இனிமே நடப்பாளான்னு கேட்டாரு. தெரியலைன்னேன். அப்புறம் வரல" என்றேன்.

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் ஐந்து முகவரி எழுதினாள், ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அவளுடைய போன் விழுந்த அன்றே உடைந்துபோயிருந்தது. புதிது வாங்க வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். தலைக்குமேல் வேலை.

அந்த எட்டு மாதம் மாதிரி நல்ல வேலை நாங்கள் செய்ததே இல்லை. காலையில் அவளைத் தூக்கி ஜன்னல் நாற்காலியில் உட்கார வைப்பேன், தலை வாரிவிடுவேன், சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிடுவேன். பிறகு கையை நீட்டுவாள். நான் சுற்றுவேன். வெளியே ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

ஒரு நாள் கேட்டாள். "அக்கா, அந்தச் சாம்பல் கலர் நைலான் நூல் இருந்துச்சே, அது என்ன ஆச்சு?"

"எதுக்குடி இப்ப?"

"ஒண்ணுமில்ல. படியில என்னவோ தடுக்குச்சுக்கா. துணி இல்ல. அதான் கேட்டேன்."

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டையே பார்த்துக் கொடுத்துவிடுவார், அவருடைய பேத்திக்குக் குல்லா பின்னியது நான்தான். அதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும், மனசு அலையாது. அன்றிலிருந்து ஒன்றை இரண்டாக்கினேன். வீணாக யோசித்து அவள் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் மருந்து கொஞ்சம் தெளிந்திருக்கும்போது முகவரி மட்டும் எழுதிக் கொடுப்பாள். நான் வழக்கம்போல வாசித்துப் பார்ப்பேன். பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, எல்லாம் சரியாக இருக்கும். அனுப்புநர் முகவரியை நான் வாசித்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வாசித்ததில்லை. சொந்த வீட்டு விலாசத்தை யார் சரிபார்ப்பார்கள், மேடம்?

அந்த இடத்தில் அவள் எங்கள் வீட்டு முகவரியை எழுதவில்லை. பார்சல்காரர் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறாள். பதினோரு பார்சலில் அப்படி எழுதியிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்துப் பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் கிழித்துப் போட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார்கள். அனுப்பியது யார் என்று அவர்களும் பார்க்கவில்லை. பதினோராவது, நீல நிறத்தில் ஒரு குழந்தை செட். கேட்டிருந்த அம்மா வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாராம். ஆள் இல்லை என்று அது அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. பார்சல்காரர் அவள் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவள் தன்னுடைய கதவு எண்ணை ஏன் எழுதுகிறாள் என்று யோசித்திருக்கிறார். பெட்டிக்குள் வேறு ஒன்றுமே இல்லை. ஒரு சுவெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடிக் காலுறை. ஒன்றாவது திரும்பும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு மணி அடித்தது. இரண்டு தடவை, சுருக்கமாக. மஞ்சள் சிட்டம் பாதி சுற்றியிருந்தேன். சின்னவள் தலையைத் தூக்கினாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். எட்டு மாதமாக எழாதவள் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை, நாற்காலி கூடவே இழுத்துக்கொண்டு சாய்ந்தது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் நாற்காலியோடு தரையில் கிடந்தாள். கையில் மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. அவர் என்னிடமிருந்து கத்தரியை வாங்கி நூலை வெட்டினார். சுற்றி எடுத்துவிடலாம், வெட்டாதீர்கள் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்து மயக்கமாக இருக்கும்.

அவள் வந்ததும் அந்த மஞ்சளை முடித்துவிட வேண்டும். ஒட்டுப்போட்டால் சரியாகிவிடும். வருகிற வாரம் கொடுக்க வேண்டிய வேலை.

கடைசியாக, நாற்காலிக் கைப்பிடியில் வெட்டுப்பட்டுத் தொங்குகிற அந்த இரண்டு பட்டையும் என்ன என்று கேட்டீர்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகு அவளுக்குக் கை நிற்காது, மடியில் விழுந்துவிடும். அதற்காகப் பின்னியது. மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு, பின்பக்கம் அதே முடிச்சு. காலையில் மாட்டினால் சாயங்காலம் எழுதும்போது கழற்றிவிடுவேன். அவள் கையை நன்றாகப் பாருங்கள், மேடம், ஒரு சின்னச் சிவப்புகூட இருக்காது. பச்சைக் குழந்தைக்குப் போடுகிற நூல். என் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவளைக் கட்டினேன்.