சாம்பல்நிறக் கோட்டின் இடது மடிப்பு

இந்தக் கோட்டு நான் தைத்ததுதான், ஐயா. நல்ல கம்பளி. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தோள் இறங்கவில்லை, பாருங்கள். இடது மார்பு மடிப்பில் காசளவு வட்டம் ஒன்று கருமையாகத் தெரிகிறதே, அது கறை இல்லை. அதுதான் துணியின் அசல் நிறம். சுற்றியுள்ளது வெயிலில் வெளுத்துவிட்டது. எட்டு வருஷம் அங்கே அன்று நாட்டை ஆண்ட கட்சியின் சின்னம் இருந்தது. கழிக்கட்டும் கோடரியும். எங்கள் ஊரில் அதை மூட்டைப்பூச்சி என்போம். சத்தமாகச் சொல்ல மாட்டோம்.

நான் குத்திக்கொண்டேன். குத்திக்கொண்டவனுக்குத்தான் சீருடை தைக்கும் வேலை கிடைத்தது. ஊரின் இன்னொரு தையல்காரன் எவரிஸ்தோ மறுத்தான், அவன் கடையை மூடவைத்தார்கள். என் கடையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூன்று ஜூலையில் கட்சித் தலைவர் பதவியிலிருந்து விழுந்தார் என்று வானொலி சொன்னது. மறுநாள் இத்தாலி முழுக்கச் சாக்கடைகளில் மூட்டைப்பூச்சிகள் கிடந்தன. என்னுடையதைக் கால்வாயில் போட்டேன். சின்னம் போனது, வட்டம் போகவில்லை. இரண்டே மாதத்தில் ஜெர்மானியர்களின் துணையோடு கட்சியின் கறுப்புச் சட்டைப் படையினர் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வருஷம் டிசம்பரில் அவர்களுடைய படைத்தலைவர் ஒருவர் அளவு கொடுக்க வந்தார். தோளுக்கு அளவெடுக்கும்போது பேச்சு எங்கெங்கோ போகும். ஆலைக்குப் பின்னால் வைக்கோல் பரணில், மலையிலிருந்து அவர்களை எதிர்த்துப் போராடுகிறவர்களில் மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மூவரையும் பாலத்தில் தொங்கவிட்டார்கள். மூத்தவனுக்கு இருபது வயது. நான் அன்று சாப்பிடவில்லை.

துணிப் பஞ்சத்தில் பழைய கோட்டைப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைப்பது வழக்கம். அப்படித் தைத்தால் வட்டம் உள்ளே போய்விடும். போர் முடியப்போகிறது என்று தெரிந்ததும் பாதி ஊர் கோட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தது.

எவரிஸ்தோ என்னையும் கேட்டான்.

"உன் கோட்டையும் குடுண்ணே, ரெண்டே நாள்ல திருப்பிடறேன். அந்தப் பூச்சித் தடம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது."

"இருக்கட்டும்பா. ஊரோடது முதல்ல முடியட்டும்."

ஏப்ரலில் ஒரு காலை, ரொட்டிக் கடைக்காரர் பிரிமோ வாசலில் நின்று சொன்னார்.

"மலையிலேர்ந்து எறங்கிட்டானுவ. வெளியூர்ப் பயலுவ, நம்ம மூஞ்சி தெரியாது. காட்டிக்குடுத்தவன் தையக்காரன், சாம்பக் கோட்டுல பூச்சித் தடம் இருக்கும், அவ்வளவுதான் தெரியுமாம். பாத்து இருந்துக்கய்யா."

நான் நிதானமாக யோசித்தேன். எனக்குப் பிள்ளைகள் மூன்று. எவரிஸ்தோவுக்கு ஒரு மகள்தான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரரின் காற்சட்டை தயாராக இருந்தது. என் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா என்று எவரிஸ்தோவிடம் சொன்னேன்.

"இதப் போட்டா நானும் பெரிய மனுஷன்தாண்ணே" என்று சிரித்தான்.

சதுக்கத்தின் நடுவில் அவனை நிறுத்தினார்கள். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"தையக்காரனா நீ?"

"ஆமா தோழர். என்ன தைக்கணும், சொல்லுங்க."

அவர்களைக் கண்ட சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. இருபது வருஷமாக அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தவன் அவன். ஒருவன் மடிப்பைத் தூக்கிப் பார்த்தான். பிறகு சுவரோரமாகத் திருப்பி நிறுத்தினார்கள். இந்தக் கோட்டின் முதுகிலுள்ள குண்டு ஓட்டைகள் அப்போது வந்தவை. அவனை நினைக்காத நாள் எனக்கு இல்லை, ஐயா. துக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

பதினோரு வருஷமாக ஊர் அவனைத்தான் காட்டிக்கொடுத்தவன் என்கிறது. அவன் மகளை யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அவன் மனைவி இல்தே போன வாரம் என்னிடம் வந்தாள்.

"அவரு ஒரு நாள்கூட அந்தப் பூச்சியக் குத்தலன்னு, விசாரிக்க வந்திருக்கற ஆபீஸர்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்ணே. எங்களுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?"

கோட்டு யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. வைத்துக்கொண்டு கத்த முடியாது. எந்தத் தையல்காரனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அளவு பார்க்க ஆளில்லாத நேரத்தில் ஊசி எதற்கு என்றால், அவன் வாசலைத் தாண்டியதும்தான் எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.