வருகிறேன் பட்டன்

வசுந்தரா என்னிடம் கடைசியாகச் சொன்னது, "மிக்ஸி மூடியக் கொஞ்சம் புடிங்க" என்பது. வீட்டில் நாங்கள் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வோம். மிக்ஸி விஷயத்தில் மட்டும் என் மனைவி தமிழுக்கு மாறிவிடுவாள். தமிழில் சொன்னால்தான் அது கேட்கும் என்பாள். நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். சட்னி அரைபட்டது. அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

நடந்ததை எழுத்தில் தரும்படி எங்கள் தெருச் சங்கம் கேட்டிருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லித் தலைவர் ராஜகுரு உத்தரவு. முயல்கிறேன்.

அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கென்று ஓர் ஆப் இருக்கிறது. நான்தான் செய்தேன். தண்ணீர் லாரி, கல்யாணம், காணாமல் போன ஆடு எல்லாம் அதில் வரும். அதை அப்டேட் பண்ணச் சொன்னால் ஒருவரும் பண்ண மாட்டார்கள். எதிர்வீட்டு மலையம்மாள், "நல்லாத்தான இருக்கு, அத ஏன் நோண்டுற?" என்பார். அதனால் திரையில் என்ன எழுத்து, எந்த பட்டன் என்பதையெல்லாம் போனில் வைக்காமல் என் சர்வரில் வைத்தேன். ஆப் வெறும் படச்சட்டம். அதற்குள் என்ன படம் என்பதை நான் வீட்டிலிருந்தே மாற்றுவேன். புதிய பதிப்பு எதுவும் வெளியிட வேண்டியதில்லை. ஒருவர் போனில் ஒன்று, அடுத்தவர் போனில் வேறொன்று என்றுகூடக் காட்டலாம். இந்தத் தொழிலில் இது எல்லோரும் செய்வதுதான்.

வசுந்தரா இறந்த செய்தியை நானே போட்டேன். எல்லாச் செய்திக்கும் ஒரே மாதிரி அட்டைதான் செய்து வைத்திருந்தேன் என்பது அப்போது நினைவில்லை. அவள் படத்துக்குக் கீழே 'வாழ்த்துகள்' என்ற பட்டன் இருந்தது. மயானத்திலிருந்து திரும்புவதற்குள் அறுபத்திரண்டு பேர் அழுத்தியிருந்தார்கள். ராஜகுரு தன் மனைவி போனிலிருந்தும் அழுத்தியிருந்தார். சர்வரில் அந்த ஒரு சொல்லை 'இரங்கல்' என்று மாற்றினேன். மறுகணம் அறுபத்திரண்டு பேரும் இரங்கல் தெரிவித்தவர்கள் ஆனார்கள். அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது. எதற்காக அழுத்தினார்கள் என்பது மட்டும் மாறியது.

காரியம் முடியும்வரை இதைப் பற்றி யோசித்தேன். முடிந்த மறுநாளிலிருந்து வீட்டுக்கு யாரும் வரவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் நண்பன் முகமது யாசீன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கேரம் போர்டில் பவுடரைக் கொட்டி, என்னிடம் தோற்றுவிட்டுப் போவான். வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருந்தன.

'நாளை தண்ணீர் லாரி வேண்டுமா?' என்பதற்கு மலையம்மாள் 'ஆம்' அழுத்தினார். கேள்வியை மட்டும் 'செவ்வாய்தோறும் ஜனகராஜுக்குக் குழம்பு தருவீர்களா?' என்று மாற்றினேன். ஜனகராஜ் நான்தான். செவ்வாய்க்கிழமை தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"நான் எப்பப்பா இத அமுக்குனேன்?"

"அதுல இருக்கே."

"இருக்குதான். கண்ணாடி போடாம அமுக்கிருப்பேன். வத்தக்குழம்பு. சட்டியக் கழுவிக் குடு."

யாரும் போனைச் சந்தேகிப்பதில்லை. தங்கள் கட்டைவிரலைத்தான் சந்தேகிக்கிறார்கள். சாக்கடை தூர்வாரும் மனுவுக்கு ராஜகுரு கொடுத்த ஆதரவு, 'காலை ஆறு மணிக்கு ஜனகராஜோடு நடப்பேன்' என்று ஆனது. அவரோடு இன்னும் முப்பது பேர். ஏர்போர்ட் ரோட்டில் போலீஸ் ஜீப் எங்களை நிறுத்தி, என்ன ஊர்வலம், அனுமதி இருக்கிறதா என்று கேட்டது. "சுகருக்கு நடக்குறோம் சார்" என்றார் ராஜகுரு. கோஷம் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் தனிமை தாங்காமல் செய்ததாக எழுதினால் சங்கம் பரிசீலிக்கும் என்று அவர் சொன்னார். அது தவறான தகவல். நான் செய்தது டெஸ்டிங்.

பிறகு யாசீனின் மகள் சுஃபியாவுக்கு நிச்சயதார்த்தம் என்று அட்டை வந்தது. மாப்பிள்ளை சாஜித்துக்குக் கப்பலூரில் வேலை. கோரிப்பாளையத்தில் ஒரு மஹால், ஞாயிறு காலை பதினோரு மணி. அதே ஞாயிறு வசுந்தராவின் முதல் வருஷத் திதி. அதற்கும் நான் ஓர் அட்டை போட்டேன். நிச்சயத்துக்கு எழுபத்தொரு பேர் 'வருகிறேன்' அழுத்தினார்கள். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். முகவரி மட்டும்தான் தவறாக இருக்கிறது.

ஞாயிறு காலை யாசீன் பிரியாணி மாஸ்டரை அழைத்துக்கொண்டு மஹாலுக்குப் போன பிறகு, நிச்சய அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: 'மஹாலில் தண்ணீர் இல்லாததால் நிகழ்ச்சி ஜனகராஜ் இல்லத்தில்.' மதுரையில் தண்ணீர் இல்லை என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. யாசீன் போனில் மட்டும் அந்த வரி தெரியாதபடி செய்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் எங்கள் ஆப் கிடையாது. அவர்களும் மஹாலுக்கே போனார்கள்.

பத்தரைக்கெல்லாம் என் வீடு நிறைந்துவிட்டது. யாசீனின் மனைவி அமீருன்னிசா, ரெண்டு வீடுதானே என்று சுஃபியாவை நடத்தியே கூட்டிவந்தார். கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசினார்.

"எல்லாம் ரெடிங்களா?"

"ரெடி, ரெடி. சீக்கிரம் வாங்க."

"வந்தாச்சுங்க."

"எங்க, கீழயா?"

"உள்ளதான் உக்காந்திருக்கோம்."

யாசீன் அவர்களை மஹால் முழுக்கத் தேடியிருக்கிறான். மேடைக்குப் பின்னால்கூடப் பார்த்தானாம்.

இங்கே ஆறு பேருக்குச் செய்திருந்த திதிச் சாப்பாட்டை ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். மாலை போட்ட படத்தின் முன்னால் உட்கார்ந்து, வசுந்தரா ஒருமுறை கேஸ் சிலிண்டர்காரரைத் துரத்திய கதையை மலையம்மாள் சொன்னார். எனக்குத் தெரியாத கதை. எல்லோரும் சிரித்தார்கள். சுஃபியா நிச்சயப் பட்டோடு சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். "மை கரையுது, அழுகாத" என்று அமீருன்னிசா அதட்டினார். அன்று வீடு சரியாக இருந்தது.

மஹாலில் மாப்பிள்ளையின் பெரியத்தா ஷேக் தாவூது, "பொண்ணே இல்லாத எடத்துல எம்புட்டு நேரந்தான் உக்கார்றது?" என்று கேட்டுவிட்டுத் தன் ஆட்களோடு எழுந்து போய்விட்டார். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்து யாசீன் ஓர் ஆட்டோவில் என் வாசலில் வந்து இறங்கினான்.

"என்ன மாப்ள பண்ணி வச்சிருக்க?" என்றான்.

"எடத்த மட்டும்தான் மாத்துனேன். வேற எதையும் தொடல."

அவன் வசுந்தராவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனான். நிச்சயம் அடுத்த மாதம் கப்பலூரில் நடந்தது. தெருவில் யாருக்கும் அழைப்பில்லை. ஏழு ஞாயிறாக அவன் கேரம் ஆட வரவில்லை.

ஆக, எல்லாவற்றையும் செய்தது நான்தான். சர்வர் பாஸ்வேர்டை ராஜகுருவிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒவ்வொரு அட்டையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது ஒன்றைக் காட்டி, "இதையும் நீங்கதான் மாத்துனீங்களா?" என்று கேட்டார். அது வசுந்தராவின் திதி அட்டை. அதில் ஒரே ஒருவர் 'வருகிறேன்' அழுத்தியிருந்தார். யாசீன். திதி அட்டை போட்ட அன்றே, தன் வீட்டு விசேஷத்துக்கு நாள் குறித்த பிறகு அழுத்தியிருக்கிறான்.

அதை நான் அப்போதே பார்த்தேன். தவறி அழுத்தியிருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். அதில் நான் கை வைக்கவில்லை. அவனும் இன்றுவரை அதை எடுக்கவில்லை.