காத்து பட்ட மண்ணு

ஹலோ... ஹலோ, கேக்குது, சொல்லு... லேப்லதான் இருக்கேன்... சத்தமா பேசுடா, உன்னை விட உன் கப்பல் இன்ஜின்தான் அதிகமா பேசுது... ம். ம். நல்லா இருக்கோம்... குட்டியா? போன மாசக் காய்ச்சல்ல கொஞ்சம் இளைச்சுட்டா. வாய் மட்டும் இளைக்கல... அப்பா எப்ப வருவார்னுதான். வேற என்ன கேப்பா.

அப்படியா?... நாளைக்கேவா? ஆள் மாத்தற படகுல உனக்கு இடம் கொடுத்துட்டாங்களா?... சந்தோஷம்... சந்தோஷமாத்தாண்டா சொல்றேன். தொண்டை கட்டிக்கிச்சு, அதான் குரல் அப்படி இருக்கு.

பாட்டிலா?... இருக்கு. மூணும் இருக்கு.

அட, உன் பொண்ணு பண்ண கூத்தைக் கேளு. டீச்சர் போன் பண்ணாங்க. "எங்கம்மா பாட்டில்ல கடலுக்கு அடியிலேர்ந்து வந்த சேறு வெச்சிருக்காங்க, அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு, அது எண்ணெய் குடிக்கும், காத்து பட்டா செத்துடும்"னு வகுப்பு பூரா சொல்லியிருக்கா. வீட்டுக்கு மருந்து அடிக்கக்கூடாதான்னு கேக்கறாங்க டீச்சர்... ஆமா, நானும் சிரிச்சேன். சிரிச்சுத்தானே ஆகணும்.

இல்லடா, பேச்சை மாத்தல... சரி, மாத்தறேன். இரு, கதவைச் சாத்திட்டு வரேன்.

...செத்துடுச்சு.

மூணும்தான்... நான்தான். வேற யாரும் தொடல.

குட்டிக்குக் காய்ச்சல் வந்து மூணாவது நாள். காத்தை விரட்டற நைட்ரஜன் குழாய்க்குப் பதிலா பக்கத்துல இருக்கற காத்துக் குழாயை மாட்டிட்டேன்... ஆமா, ரெண்டும் ஒரே நீலம். சிவப்பு டேப் ஒட்டுன்னு நீ சொன்னதான். ஆமா, ஆமா, பத்து தடவை சொன்ன. ஒட்டல. வேலை சீக்கிரம் முடியுமேன்னு மூணு பாட்டிலையும் ஒரே குழாய்ல கோத்துவிட்டு ஸ்டூல்ல உக்காந்தேன். கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா மூணும் ரோஸ் கலர்ல நிக்குது. சொட்டு காத்து போனாலே ரோஸாகற சாயம். கால் மணி நேரம் போயிருக்கு.

விட்டேனே, அப்புறம் நைட்ரஜன் விட்டேன். கலர் போயிடுச்சு... நாத்தம் இல்லையே. அழுகின முட்டை நாத்தம் அடிச்சாத்தானே அதுங்க உசுரோட இருக்குன்னு அர்த்தம். மூணு வாரமா தினம் ஊசி போட்டு எடுத்துப் பாக்கறேன். ஊத்தின எண்ணெய் ஊத்தினபடியே இருக்கு. ஒரு துளி குறையல. நீ மண்ணு எடுத்துக் கொடுத்து ஆறு வருஷம்டா. நாலு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டாகற ஜென்மத்தை ஆறு வருஷம் வளத்து...

புரொபசருக்குத் தெரியாது. ரிப்போர்ட் எப்பன்னு காலைல கூட கேட்டார். தயாராகுதுன்னு சொன்னேன். மூணு வாரமா அவர்கிட்டயும் பொய், உன்கிட்டயும் பொய்.

திட்டணும்னா திட்டிடு.

என்ன?... இன்னும் அதே இடத்துலதான் நிக்கறீங்களா? மறுபடி குழாய் இறக்கி மண்ணு எடுக்க முடியுமா?... முடியும், ஆனா?... அடுத்த சுத்துலயா? அப்ப நாளைக்குப் படகுல நீ வரல?... ம். புரியுது. மேல வந்த உடனே காத்து படாம அடைக்கணும். அங்க உன்னை விட்டா யாருக்கும் அந்தக் கைப்பழக்கம் கிடையாது... எத்தனை நாள்?... நாப்பத்தஞ்சு.

என்னை ஏன்டா கேக்கற?... சரி. சரி, இரு... எடு. இருந்து எடுத்துட்டு வா... நிச்சயமாத்தான் சொல்றேன். கேப்டன்கிட்ட இப்பவே பேசிடு... குட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன். அழுவா, அப்புறம் தூங்கிடுவா... நானா? சமாளிச்சுப்பேன். சமாளிச்சுட்டுதானே இருக்கேன்.

உன் போன் நேரம் ஒரு நிமிஷம்தான் பாக்கியா? அடுத்த போன் எப்ப?... அடுத்த வாரமா. சரி. வேற ஒண்ணும் இல்ல... ஆமா... ஆமா... நீயும் வேளைக்குச் சாப்பிடு. வெக்கறேன்.

ஏய், இரு. வெக்காத. வேண்டாம்டா. எடுக்காத. அந்த மண்ணு வேண்டாம். நான்தான் கெடுத்தேன்னு புரொபசர்கிட்ட இன்னிக்கே போய் சொல்லிடறேன். என்ன பண்ணுவாரோ பண்ணட்டும். காலைல எழுந்து சமைச்சு, அவளைக் கிளப்பி, இங்க வந்து செத்த பாட்டிலுக்குக் காவல் உக்காந்து, வீட்டுக்குப் போய் ஒண்ணும் நடக்காத மாதிரி பேசி... என்னால முடியல. நீ கப்பல் நிறைய மண்ணு கொண்டு வந்தாலும் அதை வளக்க என் உடம்புல தெம்பு இல்ல. நீ நாளைக்குப் படகுல ஏறிடு. கேக்குதா?

ஹலோ?... ஏறிடுன்னு சொன்னேன்டா... ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?...

டேய், எது வரைக்கும் கேட்டுச்சு?...