லம்பத்துக் கரையில் இருமல்

விளக்கு வைக்கிற நேரம். மலாயாவில், கிரிக்கிலிருந்து குரோவுக்குப் போகிற செம்மண் ரோடு. ரோடு முடிகிற இடத்தில் மலை... மலைக்கு அந்தப் பக்கம் சயாம். மனுஷர் நடமாட்டமே இல்லை. மழை மட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

இது நம்ம ஜெயபாலனுடைய சின்னம்மா ராக்காயிக்கு நடந்தது. அவள் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்.

ராக்காயி கோப்பெங் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அந்தக் கூலிவீட்டு லயத்தில் இருக்கப் பிடிக்காமல், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த கடைசித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கொட்டகையில் வேலை. ஷீட்டுகள் உரித்த தோல் மாதிரி வரிசையாகத் தொங்கும். கீழே நெருப்பு அணையவே கூடாது. ராத்திரி முழுக்க ஒருத்தியாக உட்கார்ந்து விறகு தள்ளுவாள்.

அன்றைக்கு வாசலில் ஓர் அரிக்கன் விளக்கு வந்து நின்றது.

"மழைக்கு ஒதுங்கிக்கலாமா தங்கச்சி?"

சன்னாசி. கோப்பெங் பக்கத்துக் கங்காணி ஒருவனின் ஆள். இரண்டொரு தரம் இந்தத் தோட்டத்துக் கூலிகளை மேய்க்கிற மண்டோரோடு கள் குடிக்கும்போது அவனைப் பார்த்திருக்கிறாள். அவனுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள், கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து. பெண்ணுக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும். அவள் கையைப் பிடித்திருந்த பையன் ரொம்பச் சின்னவன். இருமிக்கொண்டே இருந்தான். கொக்... கொக்... காய்ந்த இருமல்.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க. மாமன் வீட்டுல விடப் போறேன்" என்றான். "பாலத்துக்கிட்ட ஆள் வாராங்க. பேசிட்டு வாரேன். செத்த பாத்துக்கோ."

குடையை விரித்துக்கொண்டு போனான். விளக்கு மரங்களுக்குள் மறைந்ததும் அந்தப் பெண் ராக்காயியின் முந்தானையைப் பிடித்தாள்.

"ராக்காயி அத்தேதானே?"

நெருப்பு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள் ராக்காயி. கோப்பெங் லயத்தில் அடுத்த வீட்டு வீரம்மாவின் மகள் நவமணி. பையன் அவள் தம்பி, அப்பாவு என்று பெயர். அவன் பிறந்த அன்றைக்குத் தொப்புள்கொடி அறுத்தது ராக்காயிதான்.

"உங்கம்மா எங்கடி?"

"செத்துப்போச்சு அத்தே. எங்கப்பாவும் போயிட்டாரு. இவரு கப்பலேத்தி ஊர்ல ஆயாகிட்ட விடுறேன்னாரு." நவமணி குரலைத் தணித்தாள். "ரொம்ப தூரம் வந்துட்டோம். கடலையே காணோமே அத்தே..."

கடல் பினாங்கில் இருக்கிறது, நேர் எதிர்த்திசையில். இங்கே மலைதான். மலையைத் தாண்டிப் போன அநாதைப் பிள்ளைகள் எவரும் திரும்பி வந்ததில்லை. விற்றுவிடுவார்கள் என்று லயத்தில் ரகசியமாகப் பேசுவார்கள். பெண்பிள்ளை என்றால் அந்தப் பேச்சும் பாதியில் நின்றுவிடும்.

லயத்துக்கு ஓடினால் மண்டோர் பிடித்து அவன் கையிலேயே கொடுப்பான். எல்லையில் மாத்தாமாத்தா கொட்டகை, போலீஸ் சாவடி, ஒன்று உண்டு. ஒரு சிங் போலீஸ்காரர் இருப்பார். ஆனால் அங்கே போகிற ரோட்டில்தான் பாலம். பாலத்தில் சன்னாசி. மிச்சம் ஒரே வழி... ரப்பர் மர வரிசைகளுக்குள் புகுந்து, பழைய லம்பத்துக் கரையோடு சுற்றிப் போவது. ஈயமண் தோண்டிவிட்டு விட்டுப்போன பள்ளம் அது. மழைத்தண்ணீர் நிறைந்து, கறுப்பாய்க் கிடக்கும். பகலிலேயே அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

நெருப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

இருட்டு. பையன் இடுப்பில். நவமணி முன்னால். காலடியில் ரப்பர் விதைகள் படக் படக்கென்று உடைந்தன. புளித்த பால் வாடை. லம்பத்துக் கரையை எட்டும்போது பின்னால் வெளிச்சம் ஆடியது.

"நவமணீ... ரொட்டி வாங்கி வெச்சிருக்கேன்மா. மாமாகிட்ட வந்துடு..."

எவ்வளவு கனிவான குரல் தெரியுமா! பெற்ற தகப்பன்கூட அப்படிக் கூப்பிடமாட்டான்.

கரை ஓர் இடத்தில் இடிந்து பொந்து மாதிரி இருந்தது. நவமணியை உள்ளே தள்ளி, பையனை மடியில் போட்டு, அவளும் ஒண்டிக்கொண்டாள். காலடிச் சத்தம் நெருங்கியது. சத்... சத்... சேற்றில். தலைக்கு மேலே வந்து நின்றது. மண் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது.

அப்பாவுவின் நெஞ்சு ஏறியது. இருமப்போகிறான்.

ராக்காயி அவன் வாயைப் பொத்தினாள். மூக்கோடு சேர்த்து... தெரியாமல் இல்லை, பயத்தில். பையன் துள்ளினான். காலால் உதைத்தான். அவள் இன்னும் அழுத்தினாள். மேலே வெளிச்சம் நகரவில்லை. 'போயிடு, போயிடு' என்று மனசுக்குள் கத்திக்கொண்டே அழுத்தினாள். மடியில் உதை குறைந்தது. விரல்கள் மட்டும் துடித்தன. பிறகு அதுவும் இல்லை. அப்போதும் அவளால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் இரண்டு பிள்ளையும் போச்சு. எடுக்காவிட்டால்...

அவள் மணிக்கட்டை ஒரு சின்னக் கை பிடித்தது.

கிணற்றடியில் கிடந்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. நவமணி என்றுதான் நினைத்தாள். அந்தக் கை பதறவில்லை, உதறவில்லை. அவள் கையைப் பிள்ளையின் வாயிலிருந்து மெல்ல... மெல்லப் பெயர்த்து எடுத்தது. வளர்ந்த ஆம்பிளைக்குக்கூட அந்தப் பலம் இருக்காது. அப்பாவு மூச்சை இழுத்தான்.

கொக்... கொக்...

ராக்காயிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் இருமியது அப்பாவு இல்லை. சத்தம் தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

விளக்கு சடக்கென்று திரும்பியது. "அங்கயா இருக்கீங்க? கழுதைங்களா!" கனிவெல்லாம் போய்விட்டது. ஓடினான். இருமல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. இன்னும் தள்ளி. பிறகு தண்ணீருக்கு நடுவில்.

சன்னாசி நின்றான்.

மழை திடீரென்று ஓய்ந்தது. அந்த அமைதியில் அவன் மூச்சு வாங்குவதுகூட ராக்காயிக்குக் கேட்டது.

"யாரு?" என்றான்.

கொக்... கொக்...

"செல்லாயியா?"

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் கிழவன் குரல் மாதிரி ஆகிவிட்டதாம்.

"நான் வேணும்னு செய்யலே புள்ளே... நீ இருமிக்கிட்டே இருந்தே. அன்னிக்கு இங்க மாத்தாமாத்தா பக்கத்துல நின்னான். செத்த நேரம் வாயைப் பொத்துனேன், அவ்வளவுதான்... கிட்ட வராதே. செல்லாயி, மாமா சொல்றேன்லா... கிட்ட வராதே!"

சுர்ர்ர்... நெருப்பில் தண்ணீர் பட்ட சத்தம். வெளிச்சம் போய்விட்டது. யாரும் கத்தவில்லை. தண்ணீரில் எதுவும் விழுந்த சத்தமும் இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாக ராக்காயி பிள்ளைகளோடு மாத்தாமாத்தா கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். விடிந்ததும் சிங் போலீஸ்காரர் இரண்டு பேரோடு வந்து தேடினார். மூங்கில் விட்டுத் துழாவினார்கள். சன்னாசி அகப்படவில்லை. கரையில் அரிக்கன் விளக்கு மட்டும் யாரோ பத்திரமாக வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. கண்ணாடி உடையவில்லை. உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"நீதான்டி நேத்து என் கையைப் பிடிச்சு இழுத்தே. இல்லேன்னா தம்பி போயிருப்பான்" என்றாள் ராக்காயி.

நவமணி புரியாமல் அவளைப் பார்த்தாள். "நான் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு இருந்தேன் அத்தே."

ராக்காயி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். நீலமாய்க் கன்றிப்போய், சின்னச் சின்ன விரல் தடம். சுண்டுவிரல் தடம் மட்டும் பாதிதான் இருந்தது.

பிள்ளைகளை ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் மடத்தில் சேர்த்தார்கள். ராக்காயியும் அங்கேயே சமையலுக்கு நின்றுவிட்டாள். மாசக்கணக்காயிற்று, தடம் மறையவில்லை. எண்ணெய் தேய்த்தாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். மார்க்கெட்டில் எந்தத் தோட்டத்து ஆளைப் பார்த்தாலும் கேட்பாள்: "உங்க பக்கம் செல்லாயின்னு ஒரு பிள்ளை காணாமப் போச்சா?"

அந்தக் கேள்வி காதுக்கு எட்டி, ஒரு சாயங்காலம் ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டிலிருந்து ஒருத்தி நடந்தே வந்தாள். மங்களம் என்று பெயர். எலும்பும் தோலுமாக இருந்தாள். புருஷன் செத்த வருஷம், மகள் செல்லாயியைக் காப்பாற்ற வழியில்லாமல் தவித்தபோது, ஈப்போ பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று சொல்லி ஒருத்தன் அழைத்துப் போனானாம். ஈப்போவில் அவள் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை.

ராக்காயி எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே மங்களம் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். அந்தப் பாதி விரல் தடத்தின் மேல் தன் விரலை வைத்தாள்.

"பால் கத்தி பட்டு வெட்டுப்பட்டது அக்கா. நான் கீழே வெச்ச கத்திதான்." விரலை எடுக்காமலே கேட்டாள்: "கை சூடா இருந்துச்சா?"

ராக்காயி மற்றக் கையை அவள் கை மேல் வைத்தாள். "சூடாத்தான் இருந்துச்சு, மங்களம்" என்றாள்.

அன்று ராத்திரி மங்களம் அடுப்பங்கரையில் ராக்காயி பக்கத்திலேயே படுத்தாள். அந்த மணிக்கட்டை விடவே இல்லை. விடியுமுன்னே யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். ராக்காயி அடுப்பு மூட்டக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. ஒரு தடமும் இல்லை.

மங்களம் இன்னும் லகாட்டில்தான் இருக்கிறாள். நீங்கள்கூடப் பார்த்திருக்கலாம். அந்தி நேரத்தில் ரோட்டோரமாக, வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை மடக்கி, சின்ன நடையாக நடந்து வருவாள். அடிக்கடி நின்று நின்று, யாருக்கோ மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு நடப்பாள்.

அந்த ஊர்க்காரர்கள் அவளோடு நின்று பேசுவார்கள், கூடவும் நடப்பார்கள். அவளுடைய வலப்பக்கம் மட்டும் யாரும் வருவதில்லை.