நீட்டிய கை

காபி நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா. யுத்தம் வந்த பிறகு இத்தனை சீனி போட்டு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. வீட்டில் நான்தான் எல்லோருக்கும் ஆற்றிக் கொடுப்பேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை வராது.

என் கொழுந்தன் நாகராசு, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஏன் கையை நீட்டுகிறான் என்று கேட்டீர்கள். அண்ணனைக் கிணற்றில் தள்ளியது நீதானா என்று கேட்டதற்கும் அப்படியே சொல்லிக் கையை நீட்டினானாம். புதுக்கோட்டைக் கோர்ட்டுக்கு அனுப்பினால் அவனுக்குத் தூக்குதான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்கு மட்டும் அந்தக் கை கண்ணில் பட்டிருக்கிறது.

பழக்கம் ஐயா. பழக்கியவள் நான்.

நான் வாக்கப்பட்டு வந்தபோது அவனைத் தொழுவத்தில் மாட்டோடு மாடாகச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலில் புத்தி பேதலித்துப்போனது. குளிக்கக் கூப்பிட்டால் கல்லை எடுப்பான். எதைக் கேட்டாலும் "மாட்டேன்". என் புருஷன் ரத்தினவேல் புளிய மிளாறால் விளாசுவார். கை ஓய்ந்ததும் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுவார். அழுது என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

என் பிறந்த வீட்டில் கிடை ஆடு உண்டு. அடித்தால் ஆடு ஓடும், கையில் கருவேல நெற்றைக் காட்டினால் பின்னாலேயே வரும். திருமயம் சந்தையில் கருப்பட்டி வாங்கி, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து மடியில் கட்டிக்கொண்டேன். கல்லைக் கீழே போட்டால் ஒரு துண்டு. குளித்தால் ஒரு துண்டு. "ஆமாங்க" என்றால் அந்த வாய் மூடுவதற்குள் ஒரு துண்டு. தாமதித்தால் எதற்குக் கொடுத்தோம் என்பது அவனுக்குப் பிடிபடாது. முதலில் அவன் மசியவில்லை. வயிறு நிறைந்தவனுக்குக் கருப்பட்டி எதற்கு? அதனால் சோற்றைக் குறைத்தேன். அடியோடு நிறுத்தவில்லை, குறைத்தேன், அவ்வளவுதான். பசியில் கத்துவான். கத்தும்போது அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது. கொஞ்ச நாளில் கத்துவதை விட்டுவிட்டான்.

அறுப்பு முடிவதற்குள் சங்கிலி கழன்றது. வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுச் செவந்தி வந்து சோதித்துப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆமாங்க."

"ஒங்க மதினி நல்லவளா?"

"ஆமாங்க."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏ சொர்ணவல்லி, பேயாத் திரிஞ்சவனப் பிள்ளையாக்கிட்டியேடி. ஒன் கையில என்னடி வசியம் வச்சிருக்க?"

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். வருவார்கள் என்று நானும் காலையிலேயே தலை சீவிப் பூ வைத்துக்கொள்வேன்.

என் புருஷன் மட்டும் என்னை மெச்சவில்லை. பங்குனி பிறந்ததும் நார்த்தாமலை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றார். தம்பிக்குப் புத்தி தெளிந்தால் அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. எந் தம்பிய எனக்கே குடுத்துட்டா" என்று வீடு வீடாகச் சொன்னார். செவந்தியும் பேச்சை மாற்றிக்கொண்டாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் அவர் காலில் விழுந்து விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது ஐயா. பொய் சொல்ல மாட்டேன்.

அவர் குளிக்கப் போனபோது கிணற்றடிக்குப் போய்க் கேட்டேன். "இதுல நான் ஒண்ணுமே செய்யலையாங்க?"

வாளியை இறக்கக் குனிந்தவர் நிமிராமலே சொன்னார். "நீ என்னத்தச் செஞ்ச? கருப்பட்டி குடுத்த. அத யாரும் குடுப்பாங்க. செஞ்சது ஆத்தா."

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பங்குனியில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கும், அடியில் பாறை. அவர் சத்தம்கூடப் போடவில்லை.

நாகராசு பூவரச மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மடியை அவிழ்த்தேன். "அண்ணன நீதானே தள்ளுன?" என்றேன். அவன் கிணற்றையே பார்த்தான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரிய துண்டாக எடுத்துக் காட்டினேன். "நீதானே?"

"ஆமாங்க."

கொடுத்தேன். நன்றாகப் பதியட்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கூச்சல் போட்டேன்.

அவனுக்கு நான் துரோகம் செய்ததாக நினைக்காதீர்கள். ஒருநாள்கூட அவனை நான் ஏமாற்றியதில்லை. ஆமாங்க என்றால் கருப்பட்டி உண்டு. இங்கேதான் நீட்டிய கையை வெறுங்கையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியாமல் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். வந்ததும் நீங்கள் "ரொம்பக் கெட்டிக்காரியாமே" என்றீர்கள். ஆட்டுக்கிடையைச் சொன்னதும் "இது எந்த டாக்டருக்கும் தோணாதும்மா" என்று இன்னொரு டம்ளர் காபி வரவழைத்தீர்கள். சோற்றைக் குறைத்ததைச் சொன்னபோது மெச்சித் தலையாட்டினீர்கள். மனுஷரை மதிக்கத் தெரிந்தவர் நீங்கள். அதனால் மனசுவிட்டுச் சொல்கிறேன். மற்றபடி என்னிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க யாராலும் ஆகாது.

கடைசியாகக் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். ஆமாங்க, நான்தான் தள்ளினேன்.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? இதற்கு ஒன்றும் சொல்லவில்லையே. காலி டம்ளரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.