மெலிந்த கோடு

பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன், ஆறவிடாதீர்கள் சேர். இந்த வீட்டில் இரண்டாவது கோப்பையை வெளியே எடுத்து நாளாகிவிட்டது.

லாபிரைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள்? முந்தலில் இறால் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். குளத்து நீரைக் கலக்கிக் காற்றூட்டும் மோட்டார்களுக்கு நான்தான் சர்க்கிட் போர்ட் செய்து கொடுத்தேன். அதை வரைவதற்கென்றே மென்பொருள் இருக்கிறது, பிழைவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் படம் வரைகிற சாதாரண மென்பொருளில்தான் கோடு கோடாகக் கீறுவேன். அது ஒன்றும் கேட்காது. கீறியதைச் செப்புத் தகட்டில் ஒற்றி அரித்தெடுத்தால், கோடுதான் கம்பி.

முதல் போர்டில் ஒரு கோடு மெலிந்துவிட்டது. உண்மையிலேயே கவனக்குறைவு. அது எரிந்ததும் லாபிர் மோட்டார் சைக்கிளில் ஆலங்குடாவுக்கே, இந்த வீட்டுக்கு, வந்துவிட்டார்.

"பாஸ், ஒங்கட சாமான் எரிஞ்சி பெய்த்தே" என்று சிரித்தார்.

நான் திருத்தி முடிக்கும்வரை, நீங்கள் இருக்கிற அதே கதிரையில் இருந்து மகள் பளீலாவின் குறும்புகளைக் கதைத்தார். வன்னியிலிருந்து என்னோடு வந்தவர்கள் சண்டை முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்கள். என்னைத் தேடி யார் வருவார்? அவர் போனபிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த போர்டில் அந்தக் கோட்டை நானே மெலிதாக்கினேன். எரிந்தது, வந்தார். ஆனால் கெட்டிக்காரர். எரிந்த இடத்தில் தானே கம்பி ஒட்டப் பழகிக்கொண்டார். பிறகு வருவதில்லை.

அதனால் அவருக்குப் பிடிபடாத இடத்தில் மெலிதாக்கினேன். தண்ணீரில் கரண்ட் கசிந்தால் மோட்டாரை நிறுத்துகிற பகுதி அது. அது செத்தாலும் மோட்டார் ஓடும், சிவப்பு பல்ப் மட்டும் எரியும். எரிந்தால் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

அன்று போன் எடுத்தார். "பாஸ், செவப்பு பல்ப் பத்துது. பின்னேரம் வாறன், டீயப் போட்டு வைங்க."

அதுவரை குளத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்து பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுவார். நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மோட்டாரின் வயர் நைந்து கசிந்திருக்கிறது. அவர் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்.

அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. ஜனாஸா அடக்கத்தில் அவருடைய தம்பி மீராசாஹிப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பண்ணையை இனி அவர்தான் பார்க்கிறாராம், புதுப் போர்ட் கேட்டார். கணினியில் இருக்கிறது, பாருங்கள். இந்தமுறை எல்லாவற்றையும் தடிப்பாகவே வரைந்திருக்கிறேன், ஒரு கோட்டைத் தவிர. அவரும் நன்றாகக் கதைக்கிற மனிதர்.